தார்ப்பாயின் கீழ் ஒரு குளிர் இரவு: வாசகர் கேள்விகள்

கோலாலம்பூர் செந்தூலில் தையல் கடை நடத்திக்கொண்டே வார இறுதிகளில் மலையேறும் குழுவை அழைத்துச் செல்பவர் எங்கள் ‘மலை அக்கா’. கூடாரம் இல்லாமல், இலேசான தார்ப்பாயை மட்டும் கூரையாகக் கட்டிக் குளிர்காலத்தில் தங்குவது பற்றி இந்த முறை நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. அவருடைய பதில்கள் இங்கே.

வணக்கம் அக்கா. நாங்கள் மூன்று நண்பர்கள் ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவின் ஸ்னோவி மலைப் பகுதிக்குப் போகிறோம். நம் குனோங் தஹான் மலையில் கட்டிய அதே 3-க்கு 3 மீட்டர் பிளைஷீட் தார்ப்பாய் போதும் என்கிறேன் நான். மற்ற இருவரும் கூடாரம் வாங்கச் சொல்கிறார்கள். யார் சொல்வது சரி?
— வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

ஆகஸ்ட் அங்கே குளிர்காலம், அதனால் உங்கள் நண்பர்கள் சொல்வதுதான் சரி, தம்பி. வசந்தமான நவம்பர் என்றால் உங்கள் பக்கம் பேசுவேன்.

தஹான் 2187 மீட்டர். ஆஸ்திரேலியக் கண்டத்தின் உச்சியான கோசியுஸ்கோ 2228 மீட்டர். வித்தியாசம் வெறும் 41 மீட்டர். உயரத்தை மட்டும் பார்த்தால் பழகிய மலை போலத்தான் தெரியும். ஆனால் தஹான் நிலநடுக்கோட்டிலிருந்து 5 பாகைக்குள் இருக்கிறது, கோசியுஸ்கோ 36 பாகை தெற்கே. 1000 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. நம் ஊரில் அந்தக் கணக்கு 25 டிகிரி இரவிலிருந்து கீழே இறங்குகிறது. அதனால் தஹான் உச்சியில்கூடப் பத்துப் பன்னிரண்டு டிகிரி வாக்கில் போய் நிற்கும். ஆஸ்திரேலியாவிலோ ஆகஸ்டில் அடிவார ஊரான ஜிண்டபைனிலேயே இரவில் தண்ணீர் உறையும். ஏறுவதெல்லாம் அதற்கும் கீழே போகும் குளிருக்குத்தான்.

தஹானில் உங்கள் பிளைஷீட்டுக்கு இருந்தது ஒரே வேலை. மேலிருந்து வரும் மழையைத் தடுத்தால் போதும். பனிக்காலத்தில் காற்று பக்கவாட்டில் வரும். தரையில் கிடக்கும் பனித்தூளை வாரிக்கொண்டு வந்து ஓரத்து இடைவெளி வழியாக உள்ளே தள்ளும். தூள்தானே, தட்டிவிட்டால் போச்சு என்று தோன்றும். தட்டாமல் விட்டதெல்லாம் உடம்புச் சூட்டில் உருகும். ஸ்லீப்பிங் பேக்குக்குள் இருப்பது வாத்து இறகு என்றால், நனைந்ததும் உப்பல் போய் அமுங்கிவிடும். அந்த உப்பலில் அடைபட்ட காற்றுதான் உங்களுக்குச் சூடு. அது போனால் பையும் போன மாதிரிதான்.

இன்னொன்று, அங்கே 1800 மீட்டரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே மரங்கள் நின்றுவிடுகின்றன. அதற்கு மேல் கயிறு கட்டவோ காற்றுக்கு ஒதுங்கவோ எதுவும் கிடையாது. பழகாத ஆள் அந்த வெட்டவெளியில் நடுக்குளிர்காலத்தில் தார்ப்பாயை நம்பிப் படுப்பதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

இவ்வளவு சொன்னாலும், தார்ப்பாய் மேல் எனக்குத் தீராத பிரியம் உண்டு. நல்ல துணியில் தைத்த 3-க்கு 3 மீட்டர் தார்ப்பாய் அரை கிலோதான் வரும். அதே இரண்டு பேருக்கான கூடாரம் ஒன்றரை, இரண்டு கிலோ. மழையில் போய்ச் சேர்ந்தால் முதலில் கூரையைக் கட்டிவிட்டு அதன் கீழ் நின்றபடி பையைப் பிரிக்கலாம். காலையில் எல்லாவற்றையும் கட்டி முடித்துவிட்டுக் கடைசியாகக் கூரையை அவிழ்க்கலாம். குளிர்நாட்டில் கொசுவும் அட்டையும் தொந்தரவு செய்யாத மாதங்களில் வலையும் வேண்டாம். ஆகவே பயணத்தை நவம்பருக்குத் தள்ள முடிந்தால் தள்ளுங்கள். மரவரிசைக்குக் கீழே, ஸ்னோ கம் என்ற யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே, காற்றுக்கு முதுகு காட்டிக் கட்டுங்கள். நவம்பரிலும் அந்த மலையில் திடீரென்று பனி கொட்டும் என்பதை நினைவில் வைத்துத் துணிமணி எடுத்துப் போங்கள்.

எந்த மாதம் போனாலும் ஜிண்டபைனில் உள்ள தேசியப் பூங்காப் பார்வையாளர் மையத்தில் உங்கள் பயணத் திட்டத்தை எழுதிக் கொடுங்கள். ஆபத்தில் செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கும் சிறு கருவியை அங்கே இலவசமாக இரவல் தருகிறார்கள். அதை வாங்காமல் மலையேறாதீர்கள்.

கேமரன் மலையில் தார்ப்பாய் கட்டித் தூங்கினோம். மழையே பெய்யவில்லை. ஆனாலும் காலையில் ஸ்லீப்பிங் பேக்கின் மேல்பக்கம் ஈரம். தார்ப்பாயின் அடியிலும் முத்து முத்தாகத் தண்ணீர். துணி ஒழுகுகிறதா அக்கா?
— வாசகி, பத்துமலை

ஒழுகவில்லை, தங்கச்சி. வேறு துணி வாங்கக் கிளம்பிவிடாதீர்கள்.

மேகமில்லாத இரவில் வானத்தைப் பார்த்துக் கிடக்கும் எல்லாப் பொருளும் தன் சூட்டை வானத்துக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். தார்ப்பாய் மெல்லிய துணி, அதில் சேமித்து வைக்கச் சூடு ஏதும் இல்லை. சுற்றியிருக்கும் காற்றைவிட அது வேகமாகக் குளிர்ந்துவிடுகிறது. காற்றில் இருக்கும் ஈரமும், நீங்கள் இரவெல்லாம் விடும் மூச்சின் ஈரமும் அந்தக் குளிர்ந்த துணியில் பட்டுத் தண்ணீராகின்றன. கூரையே இல்லாமல் படுத்திருந்தால் அத்தனையும் நேராக உங்கள் பையின் மேல்தான் இறங்கியிருக்கும். பாதிக்கு மேல் தார்ப்பாய் வாங்கிக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேமரன் மலையில் 1978 பிப்ரவரி 1-ஆம் தேதி 7.8 டிகிரி பதிவானது. நம் நாட்டில் அதிகாரபூர்வமாகப் பதிவான குறைந்தபட்ச வெப்பநிலை அதுதான். இன்னும் குளிர்ந்த நாட்டில் இதே ஈரம் துணியின் அடியில் வெள்ளையாக உறைந்து ஒட்டிக்கொள்ளும். காற்றில் துணி படபடக்கும்போது பொடியாக உங்கள் முகத்தில் உதிரும்.

இதைக் குறைக்க வழி, படுக்கும் இடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது. ஆற்றோரம் பார்க்க அழகு, ஆனால் அங்கேதான் ஈரம் அதிகம். பள்ளத்தாக்கின் அடிமட்டமும் வேண்டாம். குளிர்ந்த காற்று கனமானது, இரவில் மலைச்சரிவு வழியே இறங்கி வந்து பள்ளத்தில் தேங்கும். இருபது, முப்பது மீட்டர் மேலே ஏறி ஒரு சமதளம் பிடித்தாலே வித்தியாசம் தோலில் தெரியும். மரத்தடி இன்னும் நல்லது. மேலே இருக்கும் இலைகள் வானத்தை மறைப்பதால் துணி அவ்வளவு குளிராது. கட்டுவதற்கு முன் அண்ணாந்து பார்த்து, காய்ந்த கிளை ஏதும் தொங்குகிறதா என்று பார்த்துவிடுங்கள். இந்த ஒன்றில் மட்டும் சோம்பல் கூடவே கூடாது.

அப்புறம், குளிருக்குப் பயந்து மூக்கையும் வாயையும் பைக்குள் புதைத்துத் தூங்காதீர்கள். மூச்சின் ஈரம் முழுக்க இறகுக்குள் போய்விடும். தலைக்குக் கம்பளித் தொப்பி, கழுத்துக்குத் துணி, மூக்கு வெளியே. மதியம் வெயில் வந்ததும் பையை அரை மணி நேரம் பாறை மேல் விரித்துக் காயவையுங்கள்.

என் மகன் நியூசிலாந்தில், டனீடினில் படிக்கிறான். ஜூலை மாதம் மலையில் வெறும் துணியை மேலே கட்டிக்கொண்டு தூங்கப் போகிறானாம். கேட்டதிலிருந்து எனக்கு நெஞ்சு படபடக்கிறது. தடுக்கட்டுமா, விடட்டுமா?
— ஒரு தாய், கெப்போங்

உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது, அம்மா. ஜூலை அங்கே நடுக்குளிர்காலம். ஆனால் தடுப்பதற்கு முன்னால் போன் போட்டு அவனிடம் சில விஷயங்கள் கேளுங்கள். அவன் யோசித்துத்தான் கிளம்புகிறானா என்பது பதிலில் தெரிந்துவிடும்.

முதலில், கீழே என்ன விரிக்கப் போகிறாய் என்று கேளுங்கள். எல்லோரும் மேலே என்ன கூரை என்றுதான் பார்க்கிறார்கள். உண்மையில் தார்ப்பாய் சூடு தருவதே இல்லை. மழையையும் காற்றையும் தடுப்பதோடு அதன் வேலை முடிந்தது. சூடு தருவது கீழே விரிக்கும் மெத்தையும் மேலே மூடும் பையும்தான். ஸ்லீப்பிங் பேக் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் முதுகுக்கு அடியில் அது நசுங்கிவிடுகிறது. நசுங்கிய இடத்தில் காற்று இல்லை, காற்று இல்லாத இடத்தில் சூடும் இல்லை. தரை இரவெல்லாம் உடம்பிலிருந்து உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

மெத்தைகளில் ‘ஆர் வேல்யூ’ என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். எண் கூடக் கூடத் தரைக்குளிர் ஏறுவது குறையும். முன்பெல்லாம் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு அளந்தது. 2018-இல் ஒரே சோதனை முறை வந்த பிறகு, அதன்படி அளந்த மெத்தைகளை ஒன்றோடொன்று ஒப்பிட முடிகிறது. சாதாரண நுரை மெத்தை 2 வாக்கில் இருக்கும். பனி மேல் படுக்க 5-க்கு மேல் வேண்டும். இரண்டு மெத்தைகளை ஒன்றின் மேல் ஒன்று போட்டால் எண்களைக் கூட்டிக்கொள்ளலாம். அதனால் காற்றடைக்கும் மெத்தைக்கு அடியில் ஒரு நுரை மெத்தையும் போடச் சொல்லுங்கள். காற்று மெத்தையில் ஓட்டை விழுந்தாலும் பிள்ளை வெறும் தரையில் கிடக்க மாட்டான்.

அடுத்து, ஸ்லீப்பிங் பேக்கின் லேபிளைப் படிக்கச் சொல்லுங்கள். கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம் என்று மூன்று எண்கள் இருக்கும். கடையில் பெரிதாகப் போட்டு விற்பது பெரும்பாலும் இரண்டாவது எண்ணை. மூன்றாவது எண் உயிர் பிழைப்பதற்கானது, தூங்குவதற்கானது கிடையாது. உங்கள் மகன் பார்க்க வேண்டியது முதல் எண். அன்றிரவு எதிர்பார்க்கும் குளிரைவிட அது ஐந்து டிகிரியாவது கீழே இருந்தால் நல்லது. நம் ஊர் வெக்கையில் வளர்ந்த உடம்பு அது.

அப்புறம், பக்கத்தில் குடில் இருக்கிறதா என்று கேளுங்கள். நியூசிலாந்தில் அரசு பராமரிக்கும் மலைக்குடில்கள் 900-க்கும் மேல் இருக்கின்றன. சில மணி நேர நடையில் ஒரு குடில் இருக்கும்படி இடம் பார்த்தால், வானிலை கெட்டவுடன் அங்கே போய்விடலாம். யாரிடம் திட்டத்தைச் சொல்லிவிட்டுப் போகிறான், என்றைக்குத் திரும்புவான், ஆபத்து உதவிக் கருவி கையில் இருக்கிறதா என்பதையும் கேட்டுவிடுங்கள். இதற்கெல்லாம் தட்டுத்தடுமாறாமல் பதில் சொன்னான் என்றால், மனசாரப் போய்வரச் சொல்லுங்கள்.

ஒரு சின்ன விஷயமும் அவனிடம் சொல்லலாம். தென் தீவு மலைகளில் கீயா என்று ஒரு பச்சைக் கிளி உண்டு. சப்பாத்து, பை, கயிறு என்று எது கிடைத்தாலும் கொத்திக் கிழித்துவிடும். எதையும் வெளியே விட்டுவைக்க வேண்டாம்.

தார்ப்பாய்க்கு அடியில் அடுப்பு வைத்துச் சமைக்கலாமா?
— வாசகர், ரவாங்

இரண்டு பக்கமும் திறந்து, உயரமாகக் கட்டியிருந்தால் ஓரத்தில் வைத்துச் சமைக்கலாம். தாழ்வாக இழுத்துக் கட்டி, ஓரமெல்லாம் பனி மூடியிருந்தால் கூடவே கூடாது. அடுப்பிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தலைவலி, மயக்கம் என்று தெரியும்போது எழுந்திருக்கத் தெம்பு இருக்காது. துணியும் தீயைத் தாங்காது, ஒரு பொறி பட்டாலே உருகி ஓட்டையாகிவிடும்.

கேஸ் டின் வாங்கும்போது கலவையையும் பாருங்கள். வெறும் பியூட்டேன் பூஜ்யத்துக்கு அரை டிகிரி கீழே போனாலே ஆவியாகாது, அடுப்பு மூச்சுவிடாது. ஐசோபியூட்டேனும் புரோப்பேனும் கலந்த டின்தான் குளிருக்கு ஆகும்.

ஏப்ரலில் உத்தரகாண்ட் பக்கம், பனி இன்னும் கரையாத மலையில் வழிகாட்டியோடு தங்கப் போகிறேன். பனி மேல் தார்ப்பாய் எப்படிக் கட்டுவது? முளை அடித்தால் நிற்குமா? எவ்வளவு உயரம் வைக்க வேண்டும்?
— வாசகர், ஆயர் ஈத்தாம், பினாங்கு

இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன், தம்பி.

உயரத்தை முதலில் பார்ப்போம். 3-க்கு 3 மீட்டர் துணியை நடுவில் முகடு வைத்து, இரண்டு பக்கமும் தரைவரை இறக்கிக் கட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பக்கமும் 1.5 மீட்டர். முகட்டை 1.2 மீட்டர் உயரத்தில் வைத்தால் தரையில் 1.8 மீட்டர் அகலம் கிடைக்கும், சரிவு நன்றாகச் செங்குத்தாக இருக்கும். முகட்டை 90 சென்டிமீட்டருக்கு இறக்கினால் அகலம் 2.4 மீட்டர் ஆகும், சரிவு படுத்துவிடும். பள்ளியில் படித்த 3, 4, 5 முக்கோணம்தான் இது. கடையில் துணி வெட்டும் மேசையிலேயே அளந்து பார்த்துவிடலாம்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பனி கொட்டும் இரவில் செங்குத்துச் சரிவுதான் வேண்டும், விழுவது வழுக்கிப் போய்விடும். காற்று அடிக்கும் இரவில் தாழ்ந்த கூரைதான் வேண்டும், காற்று மேலே ஏறிப் போய்விடும். இரண்டும் சேர்ந்து வந்தால் நான் பனியை மனதில் வைத்துச் செங்குத்தாகவே கட்டுவேன். காற்றைத் தடுக்க வேறு வழி இருக்கிறது. காற்று வரும் பக்கம் பனியையே வெட்டி இடுப்பளவு சுவர் எழுப்பலாம், மரக்கூட்டத்துக்குப் பின்னால் போய்க் கட்டலாம். பனிப் பாரத்துக்கு அப்படி மாற்று கிடையாது. புதிதாக விழுந்த இலேசான பனியே 10 சென்டிமீட்டர் சேர்ந்தால் ஒரு சதுர மீட்டருக்கு 5 முதல் 10 கிலோ வரை வரும். ஈரப்பனி அதற்கும் மேல். எவ்வளவு செங்குத்தாக இருந்தாலும் ஈரப்பனி ஒட்டிக்கொள்ளும். இரவில் விழிக்கும்போதெல்லாம் உள்ளிருந்து உள்ளங்கையால் துணியைத் தட்டிவிடுங்கள். ஓரத்தில் சேரும் பனியையும் வெளியே போய் ஒருமுறை அள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் அதுவே துணியை உள்ளே தள்ளி இடத்தைக் குறுக்கிவிடும்.

அடுத்து முளை. நம் மண்ணில் அடிக்கும் மெல்லிய முளை பனியில் நிற்காது, வெண்ணெயில் குத்திய குச்சி மாதிரி வழுக்கி வந்துவிடும். புதைக்க வேண்டும். கைமுழம் நீளத்துக்கு ஒரு குச்சி எடுத்துக்கொள்ளுங்கள். தார்ப்பாயின் மூலையில் இருந்து வரும் கயிற்றைக் குச்சியின் நடுவில் முடிச்சுப் போடாமல் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்ப மூலைக்கே கொண்டுவந்து அங்கே முடிச்சுப் போடுங்கள். முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டி, கயிற்றுக்குக் குறுக்காகக் குச்சியைப் படுக்க வைத்து, பனியைப் போட்டுச் சப்பாத்தால் மிதித்து இறுக்குங்கள். இறுக்கியவுடன் இழுக்காதீர்கள். மிதிபட்ட பனித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கெட்டிப்பட இருபது, முப்பது நிமிடம் ஆகும். அதற்குள் தேநீர் போட்டுக் குடித்துவிடலாம். பிறகு இழுத்துப் பாருங்கள், ஆள் தொங்கினாலும் அசையாது. காலையில் குச்சி கீழே கல்லாக உறைந்திருக்கும். அதற்காகத்தான் முடிச்சை மேலே வைக்கச் சொன்னேன். மூலையில் அவிழ்த்து ஒரு முனையை இழுத்தால் கயிறு மட்டும் உருவிக்கொண்டு வந்துவிடும், குச்சி அங்கேயே கிடக்கட்டும். குச்சி கிடைக்காத இடத்தில் ஒரு துணிப்பையில் பனியை நிரப்பி இதே மாதிரி புதைக்கலாம். அதைத் தோண்டி எடுத்துத் திரும்பக் கொண்டுவந்துவிட வேண்டும்.

கயிறு 3 மில்லிமீட்டராவது இருக்கட்டும். அதைவிட மெல்லியதைக் கையுறை போட்ட விரலால் பிடிக்க முடியாது. எல்லா முடிச்சையும் இழுத்தால் அவிழும் சுருக்காகவே போடுங்கள். இறுக்கிப் போட்ட முடிச்சு இரவில் நனைந்து உறைந்தால், காலையில் கத்திதான் எடுக்க வேண்டியிருக்கும்.

படுக்கும் இடத்தையும் கட்டுவதற்கு முன்பே நன்றாக மிதித்துச் சமன்படுத்தி விட்டுவிடுங்கள். மிதிக்காத பனி உடம்புச் சூட்டில் இளகி, இடுப்பு ஒரு பள்ளம், தோள் ஒரு பள்ளம் என்று காலையில் உறைந்து நிற்கும். தண்ணீர்ப் போத்தலைத் தலைகீழாக வையுங்கள். பனிக்கட்டி மேல்மட்டத்திலிருந்துதான் பிடிக்கும், அதனால் மூடிப் பக்கம் திறந்திருக்கும். நார்க்குழாய் வகைத் தண்ணீர் வடிகட்டி இருந்தால் அது பைக்குள் உங்களோடு தூங்கட்டும். ஒருமுறை உறைந்துவிட்டால் உள்ளே நார் உடைந்திருக்கும், வெளியே பார்த்தால் தெரியவே தெரியாது.

நீங்களே தார்ப்பாய் தைத்துக்கொள்வீர்களாமே. என்ன துணி வாங்குவது? வீட்டுத் தையல் மெஷினில் முடியுமா?
— வாசகி, செந்தூல்

தாராளமாக முடியும். கடைக்கு வாருங்கள், காட்டித் தருகிறேன். அதுவரை இதைப் படித்து வையுங்கள்.

நைலான் துணியில் சிலிக்கான் பூசியது விலை குறைவு, கிழியாது. ஆனால் ஈரம் பட்டால் நீளும். மாலையில் விறைப்பாகக் கட்டியது பத்து மணிக்குத் தொய்ந்து தொங்கும், படுக்கும் முன் ஒருமுறை எழுந்து எல்லாக் கயிற்றையும் இழுத்துவிட வேண்டும். பாலியெஸ்டரில் சிலிக்கான் பூசியது அவ்வளவு நீளாது. பனிக்கு நான் எடுப்பது அதைத்தான். டைனீமா என்று ஒரு துணி இருக்கிறது, நீளவே நீளாது, எடையும் பாதிதான் வரும். விலை கேட்டால் மனசு வராது. அதை நான் ஆரம்பத்தில் யாருக்கும் சொல்வதில்லை.

துணி அகலம் பொதுவாக ஒன்றரை மீட்டர் என்பதால் இரண்டு துண்டு இணைத்தால்தான் 3 மீட்டர் கிடைக்கும். அந்த இணைப்புதான் முகடு. முழு இழுவையும் அங்கேதான், மழை முதலில் விழுவதும் அங்கேதான். இரண்டு ஓரத்தையும் ஒன்றுக்குள் ஒன்று மடித்து, ஜீன்ஸ் காலின் பக்கவாட்டில் இருக்குமே, அந்தத் தையல் போடுங்கள். இரண்டு வரிசை. பாலியெஸ்டர் நூல்தான், பருத்தி நூல் ஈரத்தை உறிஞ்சி நாளாவட்டத்தில் மட்கிவிடும். மெல்லிய புது ஊசி, 11-ஆம் நம்பர் போதும். மழுங்கிய ஊசி பெரிய ஓட்டை போடும். குண்டூசி குத்தி வைக்கவே கூடாது, குத்திய இடமெல்லாம் ஒழுகும். நான் துணி கிளிப்தான் போடுவேன்.

சிலிக்கான் துணி கையில் நிற்காது, வழுக்கிக்கொண்டே ஓடும். மெஷினின் பாதத்துக்கு முன்னால் ஒரு கை, பின்னால் ஒரு கை வைத்து இரண்டு பக்கமும் சமமாக இழுத்துப் பிடித்தபடி மெதுவாக ஓட்டினால் சுருக்கம் விழாது. மூலைகளுக்கு அதே துணியில் நான்கு மடங்கு ஒட்டு வைத்து, கயிறு கட்டும் நாடாவை உள்ளங்கை நீளத்துக்கு உள்ளே விட்டுத் தையுங்கள். காற்றில் முதலில் கிழிவது மூலைதான்.

தைத்து முடித்ததும் முகட்டுத் தையலின் மேல் சிலிக்கான் பசையை மெல்லியதாகக் கரைத்துப் பழைய பிரஷ்ஷால் பூசி ஒரு நாள் காயவிடுங்கள். மற்ற பசையோ டேப்போ சிலிக்கான் மேல் ஒட்டாது, காசு தண்டம்.

எனக்கு 66 வயது. லாரி ஓட்டி ஓய்வு பெற்றவன். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். இந்த வயதில் குளிர்நாட்டில் தார்ப்பாய்க்கு அடியில் படுக்கலாமா?
— வாசகர், பட்டர்வொர்த்

ஐயா, அமெரிக்காவில் எம்மா கேட்வுட் என்று ஒரு பாட்டி இருந்தார். 1955-இல், 67 வயதில், அப்பலாச்சியன் நெடும்பாதையைத் தனியாக முழுவதும் நடந்து முடித்தார். 3200 கிலோமீட்டருக்கும் மேல். அவரிடம் கூடாரம் இல்லை. மழைக்கு ஒரு குளியலறைத் திரைச்சீலையை வைத்துக்கொண்டார். வயது மட்டும் தடை என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் அவர் நடந்தது மே முதல் செப்டம்பர் வரை. குளிர்காலத்தில் இல்லை. வயது ஏறும்போது உடம்பு குளிரை உணர்வதும் மெதுவாகிறது, நடுங்கிச் சூடேற்றிக்கொள்வதும் குறைகிறது. சில இரத்த அழுத்த மாத்திரைகளால் கை கால் சீக்கிரம் சில்லிட்டுப் போகும். மருத்துவரிடம் மாத்திரைப் பெயரைக் காட்டி, இரவில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் படுக்கப் போகிறேன் என்று வெளிப்படையாகச் சொல்லிக் கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள். இலையுதிர் காலமோ வசந்த காலமோ பாருங்கள், சாலைக்குப் பக்கத்தில் தங்குங்கள்.

முட்டிவலி இருந்தால் தாழ்ந்த கூரைக்குள் தவழ்ந்து போவது சிரமம். ஒரு பக்கம் தரையில், மறுபக்கம் நெஞ்சு உயரத்தில் சாய்த்துக் கட்டச் சொல்லுங்கள். சின்ன நாற்காலி போட்டு உட்காரலாம், இரவில் எழுந்து ஒதுங்குவதும் சுலபம். அமைதியான வானிலைக்கு மட்டும்தான் அது. மழையும் காற்றும் வரும் என்று தெரிந்தால் அன்றைக்கு அறை எடுத்துவிடுங்கள்.

கோலாலம்பூரில் பனியே இல்லையே. எங்கே போய்ப் பழகுவது?
— வாசகி, செராஸ்

பனியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் இங்கேயே பழகலாம். உலு லங்காட் ஆற்றோர முகாம்களில் தொடங்குங்கள். பிறகு குனோங் நுவாங், 1493 மீட்டர். வனத்துறை அனுமதியை முன்கூட்டியே எடுத்துவிட்டு கெம் லோலோ முகாமில் ஓர் இரவு தங்குங்கள். நம் ஊர் சாயங்கால மழை எந்தக் குளிர்நாட்டு மழைக்கும் இளைத்தது இல்லை. மழை கொட்டத் தொடங்கிய பிறகு பையைத் திறந்து கட்டிப் பாருங்கள். பத்து நிமிடத்துக்குள் நனையாமல் உள்ளே உட்கார முடிகிறவரை இதையே செய்யுங்கள்.

அடுத்த கட்டம், இருட்டில், தடித்த கம்பளிக் கையுறை போட்டுக்கொண்டு கட்டுவது. கையுறையோடு போட முடியாத முடிச்சைப் பயணத்துக்கு எடுத்துப் போகாதீர்கள். புதைத்துக் கட்டுவதை மோரிப் கடற்கரை மணலில் பழகலாம். மணல் பனி மாதிரி கெட்டிப்படாது, அதனால் இன்னும் ஆழமாகப் புதைக்க வேண்டியிருக்கும். கைப்பழக்கத்துக்கு அது நல்லதுதான்.